இரண்டாக வெட்டிய எண்

ஆபீஸில் லேண்ட்லைன் மணி அடித்தபோது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே ஞானஜோதிக்கு முதலில் பிடிபடவில்லை. அந்த போன் அடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முதலாளி பட்டாபிராமன் அதன் மேல் பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருந்தார். அவற்றை நகர்த்திவிட்டு அவள் ரிசீவரை எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் பேசினாள். பெயர் கிறிஸ்டி, திருமுடிவாக்கத்தில் மின்சார பேனல் செய்கிற பட்டறையில் டிசைன் என்ஜினியர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டு ஓய்ந்துபோன ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. உங்கள் ‘அலை’ தப்பாக விடை தருகிறது என்று இரண்டு தடவை எழுதிப் போட்டாளாம். இரண்டு தடவையும், ‘நீங்கள் கொடுத்த எண்களைச் சரிபார்த்துக்கொள்ளவும்’ என்று பதில் அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்களாம். பழைய கையேட்டின் பின்னட்டையில் இந்த நம்பரைப் பார்த்து, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று போட்டுப் பார்த்தாளாம்.

‘அலை’ தாம்பரத்தில் பிறந்தது. சண்முகம் ரோட்டில் ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கும் அந்த மாடியில், மின்சார என்ஜினியர்களுக்கென்று பட்டாபிராமன் ஆரம்பித்த சின்னக் கணினி மொழி அது. தாளில் எழுதுவது போலவே சூத்திரத்தை எழுதலாம்; எழுதி முடித்ததும் கீழே விடை வந்துவிடும். ஒரு காலத்தில் அந்த மாடியில் ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஞானஜோதியோடு சேர்ந்து மொழியின் அடித்தளத்தைக் கட்டிய பத்ரிநாராயணனும் போய்விட்டார். போன வருஷம் பெங்களூர்க் கம்பெனி ஒன்று ‘அலை’யை வாங்கியது. தாம்பரத்தில் மிஞ்சியது அவளும், பழக்க தோஷத்தில் தினமும் வந்துபோகிற பட்டாபிராமனும்தான்.

அன்றிலிருந்து ஞானஜோதியின் வேலை, தான் செய்யாத காரியங்களுக்குப் பதில் சொல்வது என்றாகிவிட்டது. காலையில் அஸ்தினாபுரத்தில் வீட்டு வேலையை முடித்து, குரோம்பேட்டை ஸ்டேஷன் படியேறி இறங்கி, மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, நாற்காலியில் உட்காரும்போதே அன்றைய நாள் முடிந்துவிட்டது போல இருக்கும். நாற்பத்தைந்து வயதுதான். ஆனால் கொஞ்ச நாளாக, யாராவது ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் பதில் சொல்வதற்குள் கொட்டாவி வந்துவிடுகிறது.

கிறிஸ்டி சொன்ன விஷயம் இதுதான். ஒரு ஐஸ் தொழிற்சாலைக்கு கெப்பாசிட்டர் பேனல் ஒன்று செய்து கொடுத்தார்கள். அதில் ஓடப்போகிற கரண்ட் எவ்வளவு என்று அவள் ‘அலை’யில் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கை வைத்து ஒயரும் பியூஸும் வாங்கினார்கள். பேனலைப் பொருத்தின வாரத்திலேயே பியூஸ் போக ஆரம்பித்தது. மாற்றினால் மறுபடியும் போனது. ஒயரைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை. இத்தனைக்கும், முதல் நாள் போட்டபோது கிட்டத்தட்ட பதிமூன்று ஆம்பியர் என்று காட்டியதாக அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அச்செடுத்த தாளிலோ பதினொன்று என்று இருக்கிறது. எண் எதையும் அவள் மாற்றவில்லை.

ஞானஜோதி சூத்திரத்தைக் கேட்டு வாங்கி, தன் கணினியில் இருந்த பழைய வெளியீட்டில் அடித்துப் பார்த்தாள். பதிமூன்றுக்குப் பக்கத்தில்தான் வந்தது. சரியான விடை. புதிய வெளியீட்டிலும் போட்டுப் பார்த்தாள். அதிலும் சரியாகவே வந்தது. அதைச் சொன்னாள்.

“அக்கா, நீங்களும் அவங்க மாதிரியே சொல்றீங்க,” என்றாள் கிறிஸ்டி. “இங்க எங்க பேனல் மாட்டுற பிட்டர் சிட்டிபாபுவ வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. கனெக்‌ஷன லூஸா விட்டதாலதான் சூடாகுதுன்னு ஓனர் முடிவு பண்ணிட்டார். அவர் அப்படி விடுற ஆள் இல்ல. என் கணக்குலயும் தப்பு இல்ல. அப்ப வேற எங்கதான் இருக்கு? ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க.”

வர முடியாது என்று சொல்லத்தான் ஞானஜோதி வாயைத் திறந்தாள். அதற்கும் கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் கணவர் அசரியாவிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வாத்தியார். அந்த மாதம் வாக்காளர் பட்டியல் வேலைக்கு அவரைப் பீர்க்கன்கரணைப் பக்கம் போட்டிருந்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு வந்து, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு மூன்றாம் தடவையாகப் போகவேண்டும், தனக்கும் சனிக்கிழமை லீவு இல்லை என்றார். இரண்டு பேரும் முந்தின நாள் சாம்பாரைச் சூடு பண்ணிச் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை பல்லாவரத்தில் குன்றத்தூர் பஸ் பிடித்து, இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள். கிறிஸ்டி வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். பட்டறையின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு அவளுடைய மேஜை இருந்தது. பெயிண்டை உலர்த்துகிற அடுப்பின் வாசனையும் பக்கத்து ஷெட்டின் லேத் சத்தமும் தடுப்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தன.

கிறிஸ்டி கணினியில் புதிதாக ஒரு தாளைத் திறந்து, அதே சூத்திரத்தை அவள் கண்ணெதிரே அடித்தாள். அதில் மின்னழுத்தத்தை வகுக்கிற பகுதி 1.4j + 1/0.05j.

இந்த j-தான் மின்சாரக்காரர்களின் தனி எழுத்து. காயில் என்கிற கம்பிச் சுருளிலும் கெப்பாசிட்டரிலும் கரண்ட் நேராக ஓடுவதில்லை. ஒன்றில் பிந்தி வரும், இன்னொன்றில் முந்தி வரும். அந்தத் திருப்பத்தைக் கணக்கில் காட்ட, எண்ணுக்குப் பின்னால் ஒரு j போடுவார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குக் கற்பனை எண் என்று பெயர். கற்பனை என்பது பெயரோடு சரி. பட்டறையில் அது ஒயரைச் சுட வைக்கும், பியூஸை எரிக்கும்.

விடை பதிமூன்றுக்குப் பக்கத்தில் வந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று ஞானஜோதி பார்த்தாள். கிறிஸ்டி தாளைச் சேமித்து மூடினாள். மறுபடியும் திறந்தாள். பதினொன்று என்று காட்டியது.

ஞானஜோதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். விடையைப் பார்க்கவில்லை. சூத்திரம் இருந்த வரியைப் பார்த்தாள். அங்கே 1.4 * j + 1 / 0.05 * j என்று இருந்தது.

“இந்த ஸ்டார நீ போட்டியா?”

“இல்லக்கா. சேவ் பண்ணா அதுவே எடம் விட்டு அழகா எழுதிக்குது. புது வெர்ஷன்ல வந்துச்சு. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.”

ஞானஜோதிக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு கெட்ட செய்தியை மறுபடியும் கேட்டது போல இருந்தது.

என்ஜினியர் ஒரு வரி எழுதினால், ‘அலை’ அதை அப்படியே கணக்குப் போடாது. முதலில் அதைப் பிரித்து ஒரு மரமாக ஆக்கிக்கொள்ளும். கூட்டலும் வகுத்தலும் கணுக்கள், எண்கள் இலைகள். இலையிலிருந்து கணு கணுவாக மேலே ஏறி விடை வரும். மொழியை ஆரம்பித்த காலத்தில், 0.05j என்பதை ஒரே இலையாக வைப்பதா, அல்லது 0.05 ஒன்று, j ஒன்று என்று இரண்டு இலைகளாக்கி நடுவில் ஒரு பெருக்கல் கணுவைப் போடுவதா என்று அவளும் பத்ரிநாராயணனும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரே இலைதான் என்று முடிவானது. எழுதுகிறவருக்கு அது ஒரே எண். மரத்திலும் அது ஒரே எண்ணாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் பத்ரி.

பெங்களூர்க்காரர்களின் மரத்தில் கற்பனை எண்ணுக்கு இலை கிடையாது. இரண்டு மரங்களையும் ஒன்றாக்கும்போது, அங்கே ஹர்ஷா என்பவன் அந்த இலையை வெட்டிப் பெருக்கலாக்கினான். வேண்டாம் என்று ஞானஜோதி கூட்டத்தில் சொன்னாள். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன, விடை மாறவில்லை, இலை வகைகள் குறைந்தால் எல்லாருக்கும் நல்லது என்றார்கள். விடை மாறவில்லை என்பது உண்மைதான். அதற்கு மேல் வாதாட அவளிடம் மூச்சு இல்லை.

இப்போது கோளாறு வந்த இடம் வேறு. மரத்துக்குள் எல்லாம் சரியாகவே தொங்கிக்கொண்டிருக்கிறது. சேமிக்கும்போது அந்த மரத்தைத் திரும்ப எழுத்தாக எழுதுகிறார்கள். எழுதும்போது அடைப்புக்குறி விழுந்துபோகிறது. அடைப்புக்குறி இல்லாவிட்டால் முதலில் ஒன்றை 0.05-ஆல் வகுத்து, பிறகு j-ஆல் பெருக்கும். கீழே இருக்க வேண்டிய j மேலே ஏறிவிடும். ஏறினால் திசை தலைகீழாகும், கெப்பாசிட்டர் காயிலாகிவிடும். ஒன்றிலிருந்து ஒன்று கழிய வேண்டியவை கூடிவிடும். தடை பெரிதாகி, கரண்ட் குறைவாகத் தெரியும்.

அவள் இதை ஒரு பழைய கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். கிறிஸ்டி விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“நான் எழுதுனத நீங்க ஏங்க்கா மாத்துறீங்க?”

ஞானஜோதி பேனாவை மூடி வைத்தாள்.

பட்டறை முதலாளி அரிகிருஷ்ணன் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தார். ஷெட் நிற்கிற இடமே அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம். உரக்கப் பேசுகிற மனிதர். ஆனால் அன்று இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். j பற்றி அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அச்செடுத்த தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“அப்ப சிட்டிபாபு மேல தப்பு இல்லன்றீங்க.”

“இல்ல சார்.”

“ஐஸ் கம்பெனிக்காரன் முன்னாடியே அவன கண்டபடி பேசிட்டம்மா நானு,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

திங்கள்கிழமை பத்து மணிக் கூட்டம் முடிந்ததும் ஹர்ஷாவை மட்டும் இருக்கச் சொன்னாள். திரையில் அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தாள், சவரம் செய்து நாளாகியிருந்தது. சேலத்துப் பையன், பெங்களூருக்குப் போய் ஐந்தாறு வருஷம் ஆகிறது. அவள் காட்டியதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டான். சமாளிக்கப் பார்க்கவில்லை. எழுதும்போது ஒரு அடைப்புக்குறி சேர்த்துவிட்டால் போதும், ஒரு வரி வேலை, மத்தியானமே முடித்துவிடலாம் என்றான்.

பெரும்பாலான நாட்களில் ஞானஜோதி சரி என்றிருப்பாள். அன்று கிறிஸ்டியின் கேள்வி அவளை விடவில்லை. அடைப்புக்குறி போட்டால் இந்த வகுத்தல் சரியாகிவிடும் என்றாள். ஆனால் ஒருத்தர் அதே தாளில் வரிசை எண்ணுவதற்கு j என்று தன் சொந்தப் பெயர் ஒன்றை வைத்திருந்தால்? j = 3 என்று மேலே எழுதியிருந்தால்? பழைய மரத்தில் 0.05j ஒரே எண், அதை யாரும் தொட முடியாது. வெட்டின பிறகு அது 0.05 பெருக்கல் j. அந்த j இந்த மூன்றாகிவிடும். அடைப்புக்குறி அதைத் தடுக்காது.

ஹர்ஷா அடித்துப் பார்த்தான். விடை மாறிப்போனது.

“மேடம், இது எனக்குத் தோணவே இல்ல.”

“அன்னிக்கு எனக்கும் தோணல. தோணியிருந்தா இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன்.”

அவன் லேசாகச் சிரித்தான். பிறகு, இலையைத் திரும்ப வைக்கலாம் என்றான். ஆனால் அது ஒரு இடத்தில் வைக்கிற வேலை இல்லை. மரத்தைக் கட்டுகிற இடம், கணக்குப் போடுகிற இடம், எழுதுகிற இடம், படம் வரைகிற இடம் என்று எங்கெல்லாம் மரத்தைத் தொடுகிறார்களோ அங்கெல்லாம் புது இலைக்கு வழி வைக்க வேண்டும். முன்பு ஐந்து பேர் பார்த்த வேலையை இப்போது தான் ஒருவன்தான் பார்ப்பதாக அவன் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னான். இலையை வெட்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு மூன்று வேலைகளுக்கு நடுவில்தானாம்.

இதுநாள் வரை அவள் மனதில் இருந்த ஹர்ஷா வேறு. பெரிய ஆபீஸில் குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் வேலையை வெட்டிப்போடுகிறவன். அந்த ஆளை இனிமேல் திட்ட முடியாது என்று தெரிந்ததும், அவளுக்கு ஏதோ ஒரு பிடிமானம் போனது போலவும் இருந்தது, கொஞ்சம் லேசானது போலவும் இருந்தது.

வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் அடுத்த பிரச்சினை. ஹர்ஷா மேலே கேட்டுவிட்டு மாலையில் கூப்பிட்டான். அடுத்த வெளியீட்டின் குறிப்பில் ஒரு வரி போடுவார்களாம். அதற்கு முன்னால் யாருக்கும் எதுவும் எழுதக் கூடாதாம்.

“எழுதக் கூடாதுன்னுதான் சொன்னாங்க,” என்று நிறுத்திவிட்டுச் சொன்னான். “போன் பண்றதப் பத்தி யாரும் எதுவும் சொல்லல மேடம். நானும் கேக்கல.”

மறுநாள் அவளும் பட்டாபிராமனும் பழைய வாடிக்கையாளர்களின் நம்பர்களோடு போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் பட்டாபிராமன் தயங்கினார். விற்றுவிட்ட பொருளுக்கு நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்றார். ஆனால் முதல் நம்பரில் மணி அடிக்க ஆரம்பித்ததும் அவரே ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு, எழுபது வயதை மறந்து, பழைய வியாபாரக் குரலில் பேச ஆரம்பித்தார்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புது வெளியீட்டில் சேமித்த தாள்களைத் திறந்து பாருங்கள். எண்ணுக்கும் j-க்கும் நடுவில் பெருக்கல் குறி வந்திருந்தால், அந்தக் கணக்கை நம்பாதீர்கள். அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் என்று ஒவ்வொரு ஊராக அதையே சொன்னார்கள். ஒருவர் கத்தினார். ஒருவர் நன்றி சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார். ஒருவர், இது எனக்கு ரெண்டு மாதமாகத் தெரியுமே, நான் மறுபடியும் கால்குலேட்டருக்குப் போய்விட்டேன் என்றார். ஏன் சொல்லவில்லை என்று ஞானஜோதி கேட்டாள். சொன்னால் கேட்கிறீர்களா என்றார். ஒரு நம்பரில் மகள் எடுத்து, அப்பா போன மழைக்காலத்தில் தவறிவிட்டார் என்றாள். பட்டாபிராமன் அதற்குப் பிறகு ஜன்னலருகே போய்ச் சண்முகம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம் அவள் குரல் கம்மிவிட்டது. கீழே போய்ச் சுக்குக் காபி வாங்கி வந்து குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். எல்லாரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்குச் சொன்னார்கள்.

அந்த வாரக் கடைசியில் அவளும் ஹர்ஷாவும் கூப்பிட்ட அழைப்பை வைக்காமலே ஒரு பகல் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் ஒரு இடத்தைச் சரிசெய்வான், அவள் இன்னொரு இடத்தைக் காட்டுவாள். நடுவில் அவன் தயிர்சாதம் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் இரண்டு பேருமே சிக்கிக்கொண்டு ஒரு மணிநேரம் முழித்தார்கள். புது இலைக்கு என்ன பெயர் வைப்பது என்று ஹர்ஷா கேட்டான். பழைய பெயரையே அவள் சொன்னாள். எழுதுகிற இடத்தில், என்ஜினியர் என்ன எழுத்தில் எழுதினாரோ அதையே இலையோடு வைத்துக்கொண்டு, சேமிக்கும்போது அதே எழுத்தைத் திரும்ப எழுதும்படி செய்தார்கள். 0.05j என்று எழுதினால் 0.05j என்றே இருக்கும். இதற்கு முன்னால் ‘அலை’யிலேயே கூட அது இருந்ததில்லை. பத்ரிநாராயணன் இருந்தால் இது தேவையா என்று ஒரு வாரம் சண்டை போட்டிருப்பார்.

இதெல்லாம் முடிந்து, அடுத்த வாரம் அரிகிருஷ்ணனே கூப்பிட்டார். சிட்டிபாபு இப்போது இரண்டு தெரு தள்ளி வேறொரு பட்டறையில் சேர்ந்துவிட்டானாம். சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லியிருக்கிறாராம். என்ன நடந்தது என்று தனக்குச் சொல்லத் தெரியாது, நீங்கள் ஒரு தடவை வந்து சொன்னால் நல்லது என்றார். கேட்கிற விதத்தில் கெஞ்சல் இருந்தது. அவள் போனாள்.

சிட்டிபாபு அறைக்குள் வந்து உட்காராமல் நின்றான். ஐம்பதை நெருங்குகிறவன், ஒல்லி. வேறு கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். ஞானஜோதி அவனுக்கு மரத்தையோ இலையையோ சொல்லவில்லை. கணக்குப் போடுகிற சாஃப்ட்வேரில் தப்பு இருந்தது, அதனால் சின்ன ஒயரும் சின்ன பியூஸும் வாங்கிவிட்டார்கள், நீங்கள் மாட்டினதில் ஒரு குறையும் இல்லை என்றாள். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

“அதாம்மா நானும் சொன்னேன். ஒவ்வொரு நட்டையும் ரெண்டு தபா டைட் வெச்சேன். ஒயர் பத்தலன்னு சொன்னா, ஷீட்ல அப்டித்தான் போட்டுகீதுன்னாங்க.” பிறகு அரிகிருஷ்ணன் பக்கம் திரும்பினான். “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் வெச்சு கேட்டீங்க. இன்னிக்கு ரூமுல கூப்டு சொல்றீங்க. பரவால்ல சார்.”

அரிகிருஷ்ணனின் முகம் சிவந்தது. கோபமோ என்று கிறிஸ்டி பயந்துபோய் ஞானஜோதியைப் பார்த்தாள். அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கட்டிங் மெஷினை நிறுத்தச் சொன்னார். அங்கங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவாமலே எழுந்து பார்த்தார்கள். சிட்டிபாபு செய்த வேலையில் தப்பில்லை, தப்பு கணக்கில், தான் விசாரிக்காமல் பேசிவிட்டதாகச் சொன்னார். உரக்கப் பேசியே பழகின மனிதர், அன்று பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. சொல்லிவிட்டு, “திரும்ப வந்துருப்பா,” என்றார்.

“இல்ல சார்,” என்றான் சிட்டிபாபு. “அங்க ஒரு ஜாப் பாதில நிக்கிது. வுட்டுட்டு வந்தா அவங்களுக்குப் பேஜாரா பூடும். நீங்க சொன்னதே போதும். நம்ம மச்சான் இங்கதான வேல பாக்குறான், அவன் காதுல வுழுந்தா செரி.”

கூட்டத்தில் நின்ற ஒரு ஆள் எச்சில் கையோடு தலையைக் குனிந்துகொண்டான். சிட்டிபாபு கிறிஸ்டி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

கிறிஸ்டி வாசல் வரைக்கும் கூட வந்தாள். சிட்டிபாபு திரும்ப வேலைக்கு வருவாரென்று நினைத்ததாகச் சொன்னாள். ஞானஜோதியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஐஸ் தொழிற்சாலைக்கு ஒயரும் பியூஸும் மாற்றியாயிற்று, இப்போது சூடாகவில்லை என்றும் சொன்னாள். அதைக் கேட்டபோது மனது நிறைந்திருக்க வேண்டும். ஞானஜோதிக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது.

தாம்பரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அனகாபுத்தூர் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கண்டக்டர் தட்டி எழுப்பியபோது, இறங்க வேண்டிய குரோம்பேட்டை தாண்டி சானடோரியம் வந்துவிட்டிருந்தது. இறங்கி, நிழலாகப் பார்த்து நின்று அசரியாவுக்குப் போன் பண்ணினாள். அவர் அன்றைக்குப் பீர்க்கன்கரணையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அங்கேயே நில், வந்துவிடுகிறேன் என்றார்.

ஸ்கூட்டரில் வந்து நின்றபோது அவர் சட்டையெல்லாம் புழுதி. பூட்டியிருந்த வீடுகளில் இரண்டு திறந்திருந்தன என்றார், அது பெரிய சாதனை போல. போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டார். பக்கத்திலிருந்த கடையில் வடையும் டீயும் வாங்கிக்கொண்டு, அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணை வெட்டினதை, ஹர்ஷாவை, சிட்டிபாபு தம்ளரைக் கழுவினதை. குரல் இன்னும் சரியாகவில்லை. பஸ் சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. இருந்தாலும் குறுக்கே கேட்காமல் நின்றார்.

“நாளைக்குப் போகணுமா?” என்றார் கடைசியில்.

“பத்து மணிக்குக் கூட்டம் இருக்கு.”

அவர் ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. அவளுக்கு அவசரம் இல்லை.